மொட்டைமாடி பார்க்க வந்தவர்கள்

ஐப்பசி பிறந்து இரண்டு நாள் இருக்கும். எடப்பாடியில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். காலையில் இரண்டு பேர் வந்து கேட்டைத் தட்டினார்கள்.

"பக்கத்துத் தெருவுல மழைக்கு ஒழுகாம இருக்கத் தளத்துக்கு மருந்து அடிச்சோமுங்க. மிச்சம் இருக்குது. உங்க ஊட்டுக்குப் பாதி வெலையில அடிச்சுத் தாரோம். சும்மா மேல ஏறிப் பாத்துக்கறமுங்க."

பார்ப்பதற்குத்தானே என்று விட்டேன். மூட்டுவலி, நான் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே டொக் டொக்கென்று சத்தம். இறங்கி வந்தவர்களில் ஒருவன் கையில், தளத்தில் பதிக்கும் தட்டோடு ஒன்று உடைந்து இருந்தது.

"தளம் பூரா இப்படித்தானுங்க கெடக்குது. ஒரு மழைக்குத் தாங்காது. கூட யாருங்க இருக்கறாங்க?"

"பையன் பெங்களூர்ல" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தத் தட்டோட்டைக் கவனித்தேன். உடைந்த விளிம்பு செக்கச்செவேல் என்றிருந்தது. பழைய உடைப்பென்றால் கறுத்திருக்கும்.

வீடு கட்டிய கொத்தனாரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். "நான் வர்ற வரைக்கும் அவிங்கள அங்கியே நிக்கச் சொல்லுங்கக்கா" என்றார். அவர்கள் நிற்கவில்லை.

அதன்பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. கேட்டைப் பூட்டினேன், சரியாகப் பூட்டினேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். தனியாக இருப்பதை நானே சொல்லித் தொலைத்தேனே! தெருவில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்காவது சொல்லிவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாவது வீட்டில், விசைத்தறியை விட்டுவிட்டு மனைவியோடு இருக்கும் ஒரு அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்தே வந்தாங்க சாமி. அட்வான்ஸ் வாங்கிட்டு தட்டோட்டைப் பூராப் பேத்துப் போட்டாங்க. சிமெண்ட் வாங்கியாறோம்னு போனவங்கதான். பையனுக்குத் தெரிஞ்சா என்னைய ஒரு ஆளாவே மதிக்க மாட்டான். சொல்லிராதீங்க."

"நானும்தானுங்கண்ணா அவங்கள மேல ஏத்தி விட்டேன். இதுல என்னங்க வெக்கம்?"

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கூப்பிட்ட கொத்தனார் தார்ப்பாயோடு வந்து அண்ணன் வீட்டு மாடியை மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு அறை மட்டும் ஒழுகியது.

மறுநாள் அந்த அண்ணனே போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். அங்கே அட்வான்ஸ் கொடுத்ததுவரை ஒன்றுவிடாமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்த அவர் மகன் திட்டவில்லை. "முதல்லயே ஒரு போன் பண்ணியிருக்கலாமுல்லங்கப்பா" என்று மட்டும் கேட்டானாம்.

அந்த இரண்டு பேரும் இன்னும் பிடிபடவில்லை. தெருவில் எந்த வீட்டு மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டாலும், யார் வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.