லாரிக்காரர் தர வந்த உதவித்தொகை

நான் நீர்வள ஆராய்ச்சி மாணவி. ஊரப்பாக்கத்தில் வீடு வீடாகப் போய்க் கிணற்று நீர்மட்டம் அளந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உதவித்தொகை கேட்டு அனுப்பிய விண்ணப்பம் எதற்கும் பதில் வரவில்லை. அதை யாரிடம் கேட்டறிந்தாரோ, ஒருநாள் அவர் வந்து நின்றார். தண்ணீர் லாரிகளின் சொந்தக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை கையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடிப்பார். அது கடையில் வாங்கிய தண்ணீர். தன் லாரித் தண்ணீரை அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

“படிப்பு செலவு என்னுதும்மா. முடிச்சா வேலையும் என்னாண்டயே கீது,” என்றார்.

இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. “தண்ணி எங்க இருக்குன்னு நான் காட்டணும், அதானே சார்?”

அவர் சிரித்துவிட்டார். “அது எனக்கே தெரியும்மா. எந்தத் தெருவுல கெணறு மொதல்ல வத்தும்? அத்த மட்டும் சொல்லு. அங்க மொதல் லாரி என்னுதா நிக்கணும்.”

முடியாது என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஓர் உதவித்தொகைக்கு நேர்காணல் வந்தது. என் ஆய்வின் கேள்வி என்ன என்றார்கள். “எந்தத் தெருவில் கிணறு முதலில் வற்றும் என்பது,” என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. குழுவினர் மெச்சித் தலையாட்டினார்கள்.

உதவித்தொகை கிடைத்தது. முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதலில் படிக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.