நான் பதில் கூவிய காலை

எனக்கு யானை என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த ஒரு காரியத்துக்கு அந்தப் பயம்தான் முழுக் காரணம் என்று பல மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். முழுக் காரணம் அது இல்லை.

வாகரைப் பக்கம் கடலோடு வளர்ந்தவன் நான். கடலுக்கும் பயந்திருக்கிறேன். ஆனால் கடல் ஆளைப் பார்ப்பதில்லை, யானை பார்க்கும். காதை அசைப்பதை நிறுத்திவிட்டு, உன்னைத்தான் என்பதுபோல நின்று பார்க்கும். முதல் தடவை அப்படி ஒரு பார்வையில் அகப்பட்டது உன்னிச்சைக்குப் போகும் பஸ்ஸில். தண்ணீர் இறைக்கும் மெஷின் ஒன்றைத் திருத்தப் போய்க்கொண்டிருந்தேன். யானை ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. சாரதி எஞ்சினை நிறுத்தினார். 

என் பக்கத்தில் மடியில் மிளகாய்க் கன்றுகள் வைத்திருந்த ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். என்னைப் பார்த்துப் பிடிக்கவில்லை, யானையைப் பார்த்தபடியே பிடித்தாள். அது தன்பாட்டுக்கு நின்று, தன்பாட்டுக்குப் போனது. பிறகுதான் அவள் கையை எடுத்தாள். என் தோலில் நகம் பதிந்திருந்ததைக் கண்டு, குறை நினைக்க வேண்டாம் என்றாள்.

மூன்று நாள் என் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. இதுதான் காதல் என்று முடிவு கட்டினேன். ஒழுங்காக ஓடிய மெஷினில் இன்னும் ஏதோ பிழை இருக்கிறது என்று சொல்லி நாலு தடவை அவளுடைய ஊரான உன்னிச்சைக்குப் போனேன். மெஷின்காரருக்கு விளங்கிவிட்டது, அவர் மூலமாக அவள் வீட்டாருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கட்டிக்கொள்கிற ஆண்தான் மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு பையும் மெஷின் திருத்தும் சாவிப் பெட்டியுமாக நான் யானைக் காட்டு ஓரத்துக்குக் குடிபோனேன்.

கலியாணமான புதிதில் ஒருநாள் அவளிடம் மனதை விட்டுச் சொன்னேன். அன்றைக்கு பஸ்ஸில் என் நெஞ்சு அடித்தது உனக்காகவா யானைக்காகவா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நீங்க யானையக் கட்டியிருக்கலாம். செலவும் இல்ல, அதுக்கு வீடும் வேண்டாம்."

சிரித்தோம். ஆனால் அந்தச் சந்தேகம் என்னுள் ஒரு மூலையில் கிடந்தது.

அவளுடைய காணி வட்டையின் காட்டுப்பக்கத்து ஓரத்தில் இருந்தது. வட்டை என்றால் வரப்பு வரப்பாகக் கண்ணுக்கெட்டியவரை கிடக்கும் வயல்வெளி. நெல் வேளாண்மை கதிர் கருக்கொள்ளும் குடலைப் பருவம் தாண்டினால் யானை வாசம் பிடித்துக்கொண்டு வந்துவிடும். ஆளுக்கொரு பரண் கட்டிக் காவல் இருப்போம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஆபத்தில் அகப்பட்டால் கூவுவார். கேட்ட ஒவ்வொருவரும் பதிலுக்குக் கூவ வேண்டும். தனியாக இல்லை என்று அந்த ஆளுக்குத் தெரியவேண்டும், நாலு பக்கமும் மனிதர் இருக்கிறார்கள் என்று யானைக்கும் தெரியவேண்டும். பதில் கூவாதவன் மனிதனே இல்லை என்பார்கள்.

என் கூ அங்கே பெரிய பகிடி. தோணியில் நின்று கரையைக் கூப்பிடுவதுபோல இழுத்து, கடைசியில் தாழ்த்தி விடுவேன். அவர்களுடைய கூ மேலே போய் வெட்டிக்கொண்டு நிற்கும். வாகரைக் கப்பல் ஊதுகிறது என்று பக்கத்து வயல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் ஐம்பது தாண்டியவர், நல்ல மனிதர், எனக்குப் பரண் கட்டித் தந்ததும் அவர்தான்.

அந்தக் காலை பனிமூட்டம். விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் என் பரணிலிருந்து அடுத்த வரப்புத் தெரியவில்லை. மற்ற நாட்களில் விடிந்ததும் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவேன். அன்று இறங்கவில்லை. வெள்ளைக்குள் எது நிற்கிறது என்று தெரியாமல் எப்படி இறங்குவது? ஏணியில் ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

அப்போது ஒரு கூ வந்தது. வாய்க்கால் பக்கம். மெல்லியது, உடைந்தது. ஒரு சொல்லும் இல்லாத வெறும் குரல், பனிக்குள் ஆண் குரலா பெண் குரலா என்றுகூடத் தெரியவில்லை.

நான்தான் முதலில் பதில் கூவினேன். பயத்தில் என் தொண்டையே முந்திக்கொண்டது. பிறகு வடக்கே ஒன்று, பக்கத்து வயலில் ஒன்று, தூரத்தில் நாலு. எண்ணினேன், ஆறு கூ. அப்பாடா என்றிருந்தது. ஆறு பேர் இருக்கிறார்கள், பாதை பழகியவர்கள், யாராவது போயிருப்பார்கள், புதியவன் நான் போய் என்ன கிழிக்கப்போகிறேன் என்று எனக்கு நானே சொன்னேன். ஏணியில் வைத்த காலைத் திரும்ப மேலே எடுத்தேன். அந்தக் காலை எடுத்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பயத்தில் எடுக்கவில்லை, நிம்மதியில் எடுத்தேன்.

இரண்டாம் கூ வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

பனி கலைந்தபின் வீட்டுக்குப் போனேன். மனைவி குசினி வாசலில் நனைந்த சேலையோடு இருந்தாள். வலது கால் கணுவில் வீங்கியிருந்தது. பக்கத்தில் சேறு பிடித்த தேநீர்ப் போத்தல். முந்தின நாள் நான், விடிகிற நேரத்துப் பனியும் குளிரும்தான் தாங்க முடியவில்லை என்று புலம்பியிருந்தேன். அதற்காக எனக்குத் தேநீர் கொண்டு வந்திருக்கிறாள். வாய்க்கால் கரையில் தனி யானை. பின்னால் நகர்ந்து வாய்க்காலுக்குள் விழுந்து, மதகுக்குக் கீழே கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். அது மதகின் மேல் தும்பிக்கையால் தடவித் தடவித் தேடிவிட்டு, அலுத்துப் போய்ப் போயிருக்கிறது.

"கூவினனான். எல்லாரும் பதில் குடுத்தாங்க," என்றாள்.

வெந்நீர் வைக்கிறேன் என்று பின்னால் போய் அடுப்படியில் குந்திக்கொண்டேன். என் கூ அவளுக்குத் தெரிந்ததா? அந்த ஊரில் ஆயிரம் கூவுக்குள்ளும் அடையாளம் தெரிகிற ஒரே கூ என்னுடையது. ஆனால் தண்ணீருக்குள் நின்றவளுக்குக் காது கேட்டிருக்குமா, பயத்தில் கவனித்திருப்பாளா? அவளிடம் கேட்டால் முடிந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து வேறு ஒரு பயம் என்னைப் பிடித்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாலே வேலை தேடி எழும்பினேன். பாத்திரம் கழுவினேன், தண்ணீர் அள்ளினேன், அவள் காலுக்கு எண்ணெய் தடவினேன், அவள் கேட்குமுன் ஓடினேன். ஊர்ப் பெண்கள் நல்ல புருஷன் என்றார்கள். கால் ஆறியது, ஆனால் நேராக வரவில்லை. ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடந்தாள்.

மனது தாங்காமல் ஒருநாள் பக்கத்து வயல்காரரிடம் கேட்டேன், அன்று நீங்கள் ஏன் போகவில்லை என்று. சண்டைக்குத்தான் கேட்டேன். பழியில் பாதியை அவர் தலையில் கட்டலாம் என்ற எண்ணம். அவர் வரப்பில் மண்வெட்டியை ஊன்றிவிட்டுத் தலை குனிந்தார்.

"இறங்கிற்றன் தம்பி. பாதி வரம்பும் போயிற்றன். முதல் கேட்ட கூ உங்கட, அதுவும் வாய்க்காலுக்குக் கிட்ட. நீங்க போயிருப்பீங்க எண்டு திரும்பிற்றன்."

நான் போகாதது மட்டும் இல்லை. போன ஒருவரையும் என் குரலால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வரப்பிலேயே குந்திவிட்டேன். அவர் என் தோளைத் தொட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு சிறுபோகம், வருடத்தின் இரண்டாம் வேளாண்மை, வந்தது. ஒரு பின்னேரம், வெயில் தாழ்ந்து இன்னும் வெளிச்சம் போகாத நேரம், நானும் அவளும் களத்தில் வைக்கோல் ஒதுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து வயல்காரரின் பரண் பக்கமிருந்து கூ வந்தது. அவருடைய குரல். கூடவே மரம் முறிகிற சத்தம். நாலு பக்கமும் பதில் கூக்கள் எழும்பின. என் தொண்டையும் தயாராகிவிட்டது, வாயும் திறந்துவிட்டேன்.

"கூவாதீங்க," என்றாள் அவள். "நடங்க."

அவள் கூவவில்லை. கொட்டில் கூரையில் செருகியிருந்த இரண்டு யானை வெடியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, சாய்த்துச் சாய்த்து வரப்பில் இறங்கிவிட்டாள். நான் பின்னால் போனேன். தூரத்தில் பரண் ஆடுவது தெரிந்தது, அதன் அடியில் கறுப்பாக ஒன்று அசைந்தது. திரும்பிப் போவோம், மற்றவர்கள் வந்துகொண்டிருப்பார்கள் என்று சொல்ல நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். வட்டை முழுக்கக் கூ கேட்டது, வரப்பில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அவள் திரும்பாமலே பேசினாள். கோபம் இல்லாத குரல்.

"அண்டைக்கு முதல் கேட்டது உங்கட கூதான். அதுக்குப் பிறகு நான் கூவல்ல. நீங்க வாறீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

எனக்கு அழுகை வந்தது. முன்னால் யானை பிளிறியது, பரணில் இருந்த மனிதர் மறுபடியும் கூவினார், இந்தத் தடவை குரல் உடைந்தது. நான் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி, சேற்றில் அவளைக் கடந்து முன்னால் ஏறி, அவள் கையிலிருந்த வெடியை வாங்கினேன். நெஞ்சு பஸ்ஸில் அடித்ததுபோலவே அடித்தது. மூன்று தீக்குச்சி அணைந்து போயிற்று. நாலாவதை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தாள்.