பதினேழு முறை தொலைந்தவர்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் பொத்தானை அழுத்தமாட்டார். முதலில் ஆட்களை எண்ணுவார். பிறகு கதவோரமாக முதுகைச் சாய்த்து, கால்களை அகட்டி நின்றுகொள்வார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு" என்பார். கூட நிற்பவர்கள் இந்நாட்டுக்காரர்கள், தமிழ் தெரியாது. ஆனாலும் நகர்ந்து நிற்கிறார்கள்.

முப்பத்தோரு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர். வயது அறுபத்தாறு. மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கிறார். அவர் மூன்றாம் தளம். நான் என் மகளோடு ஐந்தாம் தளம். இந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் வீடுகள் இந்த இரண்டுதான். முதல் நாளே பெயரைக் கேட்டேன். "பேரு எதுக்கு சார்? கண்டக்டர்னு கூப்பிட்டாத்தான் எனக்குத் திரும்பிப் பாக்கத் தோணும்" என்றார். அப்படியே கூப்பிடுகிறேன்.

வந்த ஒன்பது வாரங்களில் கண்டக்டர் பதினேழு முறை தொலைந்துபோனார். தேதியும் நேரமும் என் நோட்டில் இருக்கின்றன. பதினேழு முறையும் தெருவில் எதிர்ப்பட்ட யாரோ ஒருவர் கொண்டுவந்து வாசலில் சேர்த்தார். சாவி செய்யும் ஒருவர் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். ஒரு பெயின்டர், தோளில் இருந்த ஏணியை இறக்காமலே வந்தார். குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மழைத்தூறலில் வந்தார். குடை கண்டக்டர் தலைக்கு மேல் இருந்தது. ஒரு வயதான தம்பதி காரில் ஏற்றிவந்து, இறக்கிவிட்டு, லிஃப்ட் மூன்றாம் தளத்தில் நிற்கும்வரை கீழே காத்திருந்தார்கள்.

அவர் சட்டைப்பையில் ஒரு சீட்டு உண்டு. மருமகள் இந்நாட்டு எழுத்தில் முகவரி எழுதிக் கொடுத்தது. அதை விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்து வைத்துக்கொண்டு, தெருமுனையில் நின்று, எதிரே வருபவரிடம் நீட்டுவார்.

ஆறாவது முறைக்குப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன சார், முதல் தடவை நெசமாவே தொலைஞ்சேன். அப்புறம் நான் எங்க தொலைஞ்சேன்? ஒரே வாரத்துல எல்லா ரூட்டும் அத்துப்படி. எந்த பஸ் எங்க திரும்பும்னு கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

"அப்புறம் ஏன்?"

"காலைல எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிட்டா, சாயங்காலம் வரைக்கும் எங்க வீட்ல வாயைத் திறக்கிறது ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர்கிட்ட பேசின வாய் சார் இது. அந்தச் சாவிக்காரன் இருக்கானே, பன்னெண்டு நிமிஷமும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தான். என் மகன் அப்படிப் பிடிச்சது ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது."

வழிநெடுகத் தமிழில் பேசிக்கொண்டே வருவாராம். அவர்களும் தங்கள் மொழியில் பதில் சொல்வார்களாம். "அவங்க சொல்றது எனக்குப் புரியாது, நான் சொல்றது அவங்களுக்குப் புரியாது. சண்டை வர வழியே இல்ல பாருங்க." கூட்டிவருபவர் தப்பான தெருவில் திரும்பினால் மட்டும், கண்டக்டர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்குவார். கூட வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துச் சரியான வழியைக் கண்டுபிடிக்கும்வரை முடிச்சு விழாது.

கடைசி ஆறு முறையும் கூட்டிவந்தவர் தபால் கொடுக்கும் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மூன்று சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு முறையும் சீட்டை வாங்கி, உதடு அசையப் படித்து, தெருப்பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம். நேராகவும் வருவதில்லை. வழியில் நான்கு கட்டடங்களுக்குத் தபால் போட்டுவிட்டு, கண்டக்டரோடு பேசிக்கொண்டே நாற்பது நிமிடத்தில் வந்து சேருவார்.

"நல்ல பொம்பள சார். ஆனா பாவம், கொஞ்சம் மறதி. ஆறு தடவை கூட்டிட்டு வந்தும் வீடு எதுன்னு தெரியல பாருங்க."

மூன்று ஆண்டு இரண்டு மாதமாக என் ஓய்வூதியக் கடிதத்தை இதே கட்டடத்தில் என் கையில் கொடுப்பவர் அந்த அம்மாள்தான். கண்டக்டரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் மருமகள் காதுக்குப் போயிற்று. அவர் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். மறதி நோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர். பயந்துவிட்டார். வியாழக்கிழமை பத்தரைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கினார். அதுவரை தனியாக வெளியே போகக் கூடாது என்று வீட்டுச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் ஐந்தாம் தளத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஞாபகத்துக்கு டெஸ்ட் வெப்பாங்களாம் சார். ஃபெயிலானா மிச்சம் இருக்கிற நாளெல்லாம் வீட்டுக்குள்ளயேதான். பாஸானா, பதினேழு தடவையும் பொய்தானான்னு கேப்பாங்க."

"உண்மையைச் சொல்லிவிடுங்களேன்."

"மருமககிட்டயா? பேச்சுத்துணைக்கு ரோட்டுல நின்னு பிச்சை எடுத்தேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நான் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மருமகள் விடுப்பு எடுத்திருந்தார். மாமனாரைக் காற்றாட அழைத்துப்போக இறங்கி வந்தார். அப்போது தபால்கார அம்மாள் வண்டியை வாசலில் நிறுத்தினார். கண்டக்டரைப் பார்த்ததும் கையசைத்தார். கண்டக்டர் கையைத் தூக்கவில்லை.

மருமகள் அந்த அம்மாளிடம் இந்நாட்டு மொழியில் கேட்டார். இவரை நீங்கள்தான் பலமுறை கொண்டுவந்து விட்டீர்களாமே, எங்கே வைத்து வழி தவறுகிறார், நாளை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று. எனக்கும் அந்த அளவுக்குப் புரியும்.

தபால்கார அம்மாள் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாள் தன் தலையில் தானே தட்டிக்கொண்டு, சிரித்துச் சிரித்து நிறையப் பேசினார். மருமகளின் முகம் மாறியது.

"மாமா, நீங்க தொலையவே இல்லையாமே. இவங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசாம். நம்பர் எல்லாம் ஒரே குழப்பமா இருக்காம். நீங்கதான் கூடவே வந்து வழி காட்டுறீங்களாம். உங்க சீட்டைப் பாத்துத்தான் தெருப் பேரையே கத்துக்கிட்டாங்களாம். ஏன் மாமா சொல்லல?"

கண்டக்டர் நிமிர்ந்தார். அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு என்னை.

"சொன்னா அந்தம்மா வேலைக்கு ஏதாவது ஆயிடுமேன்னுதாம்மா."

"அப்ப அந்தச் சாவிக்காரர்? பெயின்டர்?"

"இந்த ஊர்ல நிறையப் பேருக்கு வழி தெரியலம்மா."

மருமகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து, நாளைய நேரம் வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னார். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துக் கண்டக்டர் கையில் வைத்தார்.

தபால்கார அம்மாள் பெட்டிகளில் தபாலைப் போட்டு முடித்திருந்தார். வண்டிப் பிடியைப் பற்றிக்கொண்டு, அடுத்தது எந்தப் பக்கம் என்பதுபோல் புருவத்தைத் தூக்கிக் கண்டக்டரைப் பார்த்தார். மருமகளும் பார்த்தார். கண்டக்டர் கையை முழுதாக நீட்டி இடப்பக்கம் காட்டினார்.

இடப்பக்கத்துக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் தபால் போட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் வந்திருந்தார். தலையை ஆட்டிக்கொண்டார். வண்டியைத் திருப்பி, இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு நடந்தார்.