தலையணைக்கடியில் பேரீச்சங்கொட்டை

மப்ரூக் நாற்பது வருஷமாகத் தோஸர் என்ற பாலைவன ஊரின் தோப்புகளில் பேரீச்சை மரம் ஏறிப் பிழைத்தவர். அறுவடையில் ஒவ்வொரு மரத்தின் முதல் பழத்தையும் உச்சியிலேயே வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குலையை இறக்குவார். அந்த வாயைத்தான் டாக்டரம்மா கட்டிப்போட்டார். சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். பேரீச்சையைத் தொடவே கூடாது.

அவரும் தொடவில்லை. ஆனால் கனவை யார் கட்டிப்போடுவது? தினமும் விடியற்காலையில் ஒரு மரம் தானே குனிந்து அவரை உச்சிக்குத் தூக்கிக்கொள்ளும். பழத்துக்குள் வெயில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும். தின்பார், தின்பார், வயிறே நிறையாது. விழித்தபிறகும் நாக்கில் தித்திப்பு மிச்சமிருக்கும்.

ஐந்துக்குள் நிற்கவேண்டிய பொட்டாசியம் அளவு, மாதாமாதம் ஏறி ஆறைத் தாண்டியது. மனைவி தலிலா அவர் சட்டைப்பையைக் குடைந்தாள்.

"எங்க ஒளிச்சு வச்சுத் திங்குற? என்னைத் தனியா விட்டுட்டுப் போகலாம்னு பாக்குறியா?"

"சத்தியமா இல்லடி. கனவுலதான்."

"கனவுல தின்னா ரத்தத்துல ஏறுமா? யாரு காதுல பூ சுத்துற?"

பாவம் மனுஷன், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்கிறோமோ? விழித்ததும் தலையணைக்கடியில் கொட்டை கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பயத்தில் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதில் மரமும் வரவில்லை. சாவைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் தலிலாவும் கூடப் போனாள், புருஷனை மாட்டிவிடத்தான். டாக்டரம்மா அவளிடம் சமையலைப் பற்றி விசாரித்தார்.

"உருளைக்கிழங்கு, காரட் எல்லாம் நான் சொன்னபடி நறுக்கி, நெறைய தண்ணியில வேகவச்சுதானே குடுக்குறீங்க?"

"ஆமா, குழையக் குழைய."

"அந்தத் தண்ணிய?"

"பார்லி சூப்புல ஊத்திருவேன். தண்ணியப் போயி யாராவது கீழ கொட்டுவாங்களா?"

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். காய்களிலிருந்து இறங்கிய பொட்டாசியமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது.

தலிலா அங்கேயே உடைந்து அழுதாள். "நானே ஊத்திக் குடுத்திருக்கேனே!"

மப்ரூக்கின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ நான் ஒரு பழம்கூடத் திங்கலையா?"

அழுகையினூடே சிரிப்பு வந்துவிட, அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அன்று முதல் காய் வேகவைத்த தண்ணீர் வாசல் பேரீச்சையின் வேருக்குப் போயிற்று. அடுத்த மாதம் அளவு ஐந்துக்குக் கீழே இறங்கியது. மறுநாள் விடியலில் மரம் மறுபடியும் குனிந்தது. மப்ரூக் ஆசை தீரத் தின்றார். விழித்தபின் தலையணைக்கடியில் தடவிப் பார்க்கவில்லை.