கவ்வாத்துச் சாமியின் முதுகு

திகனையில் பழைய இரும்புக் கடை வேலையை விட்டுவிட்டுக் கண்டிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். முதலாளி நல்லவர்தான், மத்தியானம் சோறும் தந்தார். எனக்குத்தான் ஒரே கூரையை அதிக நாள் அண்ணாந்து பார்க்க முடிவதில்லை. பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் நடந்தால்தான் ஓர் இடத்தை விட்டு வந்தது உடம்புக்குத் தெரிகிறது.

குண்டசாலையில் தண்ணீர்க் குழாய் பதிக்க வீதியோரம் நீளமாகக் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகத் திறந்த மண்ணின் வாசம், நெடுநாள் பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்த மாதிரி. அதோடு கொஞ்சம் மஞ்சள் வாசமும் வந்தது. பார்த்தால், கானின் தலைப்பில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். நம்ம தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்துவிட்டது.

தோட்டத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் கழித்துவிடும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். அதைத் தொடங்குமுன் மலையில் ஒரு கல்லை நட்டுக் கும்பிடுவோம். கத்தி காலில் பாயக் கூடாதே! வேலை முடிந்ததும் கல்லைக் கழுவிப் படுக்கவைத்துச் சாமிக்கு விடை கொடுப்போம். அதுவரை யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

இந்தச் சாமியை ஒரு காலத்தில் நாங்கள் கடற்கரைக்கும் கொண்டுபோனோம். கிழக்குக் கரையில் ஓர் ஊரில் மணலுக்குள் பழங்காலக் கோயில் இருக்கிறது என்று, மண் வெட்டப் புசல்லாவையிலிருந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்வெட்டியைத் தந்தால் மலையையே நகர்த்துவேன். அங்கே ஒரு பிரஷ்ஷைத் தந்து மண்ணைத் தடவச் சொன்னார்கள். குழந்தைக்குத் தலை வாருவது போலிருந்தது. ஓலைக் கொட்டகையில் படுக்கை. கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதனால் பிளேன்டீயும் உப்பு. காலில் புண். வேலை என்றால் அப்படித்தான்.

எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர் மாரிமுத்தண்ணன். போய் இறங்கியதுமே கல் தேடினார். அந்த மணலில் கல்லுக்கு எங்கே போவது? வேப்பமரத்தடியில் பாதி புதைந்து கிடந்த ஒன்றை அசைத்துப் பிடுங்கி, மேட்டில் நட்டு, மஞ்சளை அப்பிவிட்டார். அகழ்வுக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து மிஸ் மறுநாள்தான் வந்தார். கல்லைக் கண்டதும், "இது ஊர்ச்சனம் கும்பிடுற இடம். ஒருத்தரும் தொடப்படாது" என்று சுற்றிக் கயிறு கட்டிவிட்டார். நம்ம சாமிக்கு இவ்வளவு மரியாதையா என்று எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் இப்படி மதித்ததில், அந்தக் கல்லை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

செங்கல் சுவர்கள் வந்தன. கோயில் என்று காட்ட ஒன்றும் வரவில்லை. பழைய உப்புக் கிட்டங்கியாக இருக்கும் என்றார்கள் மேலதிகாரிகள். ஒரு ஹோட்டல்காரர் வேறு அந்தக் காணியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மிஸ் எங்களைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பெரியாக்கள் வருகினம். மூலஸ்தானம் எண்டு காட்ட ஒண்டும் இல்லையெண்டால் மூடச் சொல்லிப்போடுவினம். மேல கட்டடம் எழும்பினால் பிறகு ஆர் தோண்டுறது?"

கதை முடிந்தது என்று நாங்களும் நினைத்தோம். பின்னேரம் மாரிமுத்தண்ணன் சாமிக்கு விடை கொடுக்கப் போனார். எங்களுக்குச் சமைத்துப்போட்ட திகனைக்காரர் ஹனீபா நானா வாளியில் தண்ணீர் தூக்கிவந்தார். கல்லைப் படுக்கவைத்து ஊற்ற ஊற்ற மஞ்சள் போனது, இறுகிக் கிடந்த மணலும் கரைந்தது. நானா குனிந்து பார்த்தார்.

"ஒங்கட சாமிக்கி முதுகுல வாய்க்கால் ஈக்கிதே!"

"சாமிய கிண்டல் பண்ணாதீங்க நானா."

"கிண்டலா? கண்ணைத் தொறந்து பாருங்க, தண்ணி ஓடுது."

ஓடியது. உளி பிடித்து வெட்டிய நேரான பள்ளம். நான் ஓடிப்போய் மிஸ்ஸைக் கூட்டிவந்தேன். முழந்தாளிட்டு, பள்ளத்தில் விரலை ஓட்டினார்.

"கோமுகம்! மூலஸ்தானத்து அபிஷேகத் தண்ணி வெளியில வாற வாய். எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

மாரிமுத்தண்ணன் முகம் செத்துவிட்டது. "வேப்பமரத்தடியிலங்க மிஸ். சாமி இல்லாம எப்புடிங்க மண்ணுல கை வைக்கிறது?"

ஏசப்போகிறார் என்று நின்றோம். சிரித்தார். "கயிறு கட்டிக் காவல் போட்டது நானெல்லோ! கெதியா வாங்கோ, வெளிச்சம் போகமுன்னம்!"

வேப்பமரத்தடியில் ஒரு முழ ஆழத்தில் கருங்கல் சுவர் வந்தது. அதிலிருந்து உடைந்த முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சாமியைத் தூக்கி அதோடு வைத்தோம். கை விரல்கள் கோத்துக்கொண்டது போலப் பொருந்தியது. நானா மிச்சத் தண்ணீரைச் சுவரின் உள்பக்கத்தில் ஊற்றினார். கோமுகத்து வாயிலிருந்து முதலில் மணல் உதிர்ந்தது, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். எத்தனை தலைமுறைக்குப் பிறகோ! மாரிமுத்தண்ணன் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். மிஸ்ஸும் ஏந்தினார். நாங்கள் கத்திய கத்தில், கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

மறுநாள் பெரியவர்களுக்கு முன்னாலும் ஊற்றிக் காட்டினோம். மூடுகிற பேச்சு அத்தோடு போனது. ஹோட்டல்காரர் வேறு காணி பார்த்தார். மாரிமுத்தண்ணன் புதிதாக ஒரு கல் தேடிக் கொண்டுவந்தபோது மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் குங்குமம் வைத்தவரும் அவர்தான்.

பிறகு ஒரு முறை அந்தப் பக்கம் போனேன். கோயிலைச் சுற்றிக் கம்பி வேலி, மேலே தகரக் கூரை. கோமுகம் அதே இடத்தில் கம்பீரமாக இருக்கிறது. இடுக்குகளில் ஒட்டியிருந்த எங்கள் மஞ்சளை மட்டும் ஏதோ மருந்து போட்டுத் துடைத்துவிட்டார்கள். ஓலைக் கொட்டகை நின்ற இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. மாரிமுத்தண்ணன் போய்விட்டார், நானாவும் போய்விட்டார். வேப்பமரத்தையும் காணோம்.

"என்னண்ணே, வேடிக்கையா? மம்பட்டி புடிக்கத் தெரியுமா?" என்று குண்டசாலைக் கானுக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"பிரஷ்ஷே புடிப்பேன்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "அப்ப காலைல வாங்க" என்றார்.

மறுநாள் காலை போனேன். மற்றவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சாமியை மெல்லச் சாய்த்து முதுகைப் பார்த்தேன். வெறும் கல். பழையபடி நிமிர்த்தி வைத்துக் கும்பிட்டுவிட்டு, கானுக்குள் இறங்கினேன்.