கிணற்றில் கரைத்த மருந்து

வாந்திபேதி வந்தால் கிணற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆழத்தை அளந்து, மருந்தை வாளியில் கரைத்து ஊற்றி, தண்ணீரில் இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்வரை கலக்க வேண்டும். மறுநாள் காலைவரை யாரும் மொள்ளக் கூடாதென்று தண்டோரா போட வேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த காலம் முழுவதும் இதில் ஒரு வரிகூட நான் தவறியதில்லை.

ஆம்பூருக்கு அருகே பாலாற்றங்கரைச் சேரி ஒன்றில் நோய் கண்டது. அங்கே எல்லோருக்கும் தோல் பதனிடும் ஷாப்பில்தான் வேலை. தோல் ஊறிய மரப்பட்டைத் தண்ணீர் மண்ணில் இறங்கி, சுற்றிலும் இருந்த கிணறுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து உப்பாகிவிட்டிருந்தன. மிஞ்சியது ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதில் முறைப்படி மருந்தைக் கரைத்தேன்.

மறுநாள் காலை போனால், குடங்கள் காலியாக நின்றன. ஒருத்தி இன்னும் சிவப்பு மாறாத தண்ணீரை ஒரு வாளி மொண்டு என் முன்னால் வைத்தாள்.

“இன்னா சாமி, இருந்த ஒரு கெணத்துலயும் பட்டைத் தண்ணிய வுட்டுட்டியா?”

“இது மருந்தம்மா. இனிமேல் தாராளமாகக் குடிக்கலாம்.”

“பட்டைத் தண்ணி ஒண்ணும் பண்ணாதுன்னு ஷாப்புக்காரருந்தான் சொல்றாரு. ஊட்ல பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்து கீறா. நீ ஒரு வாய் குடிச்சிக் காட்டு, நாங்களும் எடுத்துனு போறோம்.”

“அவரு காப்பி குடிச்சிட்டு வந்திருப்பாரு, வயித்துல எடம் இருக்காது” என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் குடித்துக் காட்ட வேண்டுமென்று விதி இல்லை என்றேன். உண்மைதான், இல்லை. அந்தத் தண்ணீர் சுத்தமானது என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாருமில்லை. ஆனால் அது சேரிக் கிணறு. என் கை வாளியை நோக்கி நீளவில்லை.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள், மற்றவர்களும் போனார்கள். மணலில் தோண்டிய ஊற்றுக்குச் சற்று மேலேதான் நோயாளிகளின் துணியை அலசுவார்கள். அது எனக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் படிவத்தில் கிணறு, குளம் என இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஊற்றுக்குக் கட்டம் இல்லை.

நான்காம் நாள் பார்வையிடப் போனேன். அவள் மகள் முந்தின நாளே வாந்திபேதி கண்டு வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டிருந்தாள். தாய் என்னைத் திட்டவில்லை.

“நெசமாவே அது நல்ல தண்ணிதானா சாமி?”

“நல்ல தண்ணிதான்.”

“அப்பறம் ஏன் நீ குடிக்கல?”

பதில் எனக்குத் தெரிந்திருந்தது, அவளுக்கும்தான். கிணறு முறைப்படி சுத்தம் செய்யப்பட்டது, ஜனங்கள் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை அனுப்பினேன். மேலிடத்திலிருந்து ஒரு விளக்கம்கூடக் கேட்கவில்லை.