கல்வெட்டுக்கு ஒரு படம்

அண்ணி அழித்த படத்தில் அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு பல்லும் இல்லை. புத்தூரில் எங்கள் கிணற்றடியில் தலை முழுகிவிட்டு ஈரத் தலையோடு நின்றவரை நான் எடுத்த படம். பக்கத்தில் நின்ற ஆடு அவர் தலை துவட்டிய துவாயை இழுத்துத் தின்னப் பார்த்தது. அதற்கு அவர் சிரித்த சிரிப்பு அது.

அம்மாவைப் படம் எடுப்பது லேசான காரியமில்லை. அப்பா போன பிறகு எந்த நல்ல காரியத்திலும் அவர் படத்துக்கு நிற்கமாட்டார். கல்யாண வீட்டில் கமராக்காரன் இந்தப் பக்கம் திரும்பினால் இவர் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவார். "நான் உதுக்குள்ளை நிக்கக்கூடாது பிள்ளை" என்பார். பழைய அல்பங்கள், சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டோடு போயின. ஆக, அடையாள அட்டையை விட்டால் அம்மாவின் முகம் இருந்தது இரண்டு இடத்தில்தான். ஒன்று என் ஆட்டுப் படம். மற்றது, அண்ணை அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டு வைத்திருந்தபோது அண்ணி எடுத்த படங்கள். நான் பார்த்த மட்டில், அவற்றில் அம்மா யாருடையதோ பெரிய கோட்டுக்குள், குளிரில் விறைத்து, அண்ணியின் புதுக் காருக்குப் பக்கத்தில் வேலிக்கு நட்ட கதியால் தடி மாதிரி நிற்பார்.

ஆட்டுப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அம்மா விடவில்லை. "பல்லில்லாத மூஞ்சியை ஒருத்தருக்கும் அனுப்பிப்போடாதை" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது, "எங்கை, அந்த ஆட்டுப் படத்தை ஒருக்கால் காட்டு பாப்பம்" என்பார். படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டார். பேச்சு நின்ற பிறகு கையை நீட்டிக் கேட்டார். அந்தப் படம் எனக்கு என்ன என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

போன் அண்ணை வாங்கித் தந்தது. தரும்போது தன்னுடைய கணக்கையே அதில் போட்டுத் தந்தார். அண்ணியின் போனிலும் அதே கணக்குத்தான்.

"எல்லாம் ஒரே இடத்திலை சேரும் தங்கச்சி. நீ எடுக்கிற படம் தானாய் மேலை போய் கிளவுட்டிலை பத்திரமாய் இருக்கும். போன் துலைஞ்சாலும் பயமில்லை" என்றார்.

அப்படித்தான் என் வெங்காயப் பாத்தியும் ஆட்டுக்குட்டியும் அண்ணியின் போனில் தெரிந்தன. அண்ணி வீட்டுப் பிறந்தநாள் கேக்குகள் என் போனில் வந்து குவிந்தன. நான் அவருடைய ஒன்றையும் தொட்டதில்லை. அண்ணிதான் இடம் நிரம்பிவிட்டது என்று அடிக்கடி போன் எடுத்து முறைப்படுவார். "மச்சாள், உந்த ஆட்டையும் மாட்டையும் என்னத்துக்குப் படம் எடுக்கிறியள்?" நானும் சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணையும் அண்ணியும் கனடாவிலிருந்து வந்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் கல்வெட்டுப் பேச்சு வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில், இறந்தவரின் வரலாறும் தேவாரமும் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அதுதான் கல்வெட்டு. சனம் முதலில் அட்டைப் படத்தைப் பார்க்கும், பிறகு யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று தேடும். அட்டைக்கு ஆட்டுப் படத்தில் அம்மாவை மட்டும் எடுத்துப் போடுவோம் என்றேன். அண்ணி முகத்தைச் சுழித்தார்.

"கனடாப் படம் இருக்குத்தானே. கோட்டோடை வடிவாய் நிக்கிறா மாமி."

"அம்மா சிரிக்கிற படம் இது ஒண்டுதான் அண்ணி."

"ஓம், பல்லில்லாமல் இளிக்கிறா. சனத்துக்கு உதையோ காட்டுறது?"

அண்ணை பழைய கல்வெட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அண்ணிக்கு முன்னால் வாய் திறந்ததை நான் கண்டதில்லை.

மறுநாள் காலை தேத்தண்ணியோடு போனைத் திறந்தேன். படம் இல்லை. மேலும் கீழும் தள்ளித் தேடினேன். ஆடு நின்ற மற்றப் படங்களும் இல்லை. உடுப்பிட்டியில் தன் தாய்வீட்டில் நின்ற அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், நான்தான் அழிச்சனான். இடமில்லையெண்டு காட்டிச்சுது. இனி உதைப் பற்றிக் கதையில்லைத்தானே" என்றார்.

நான் போனை வைத்தேன். அழவில்லை. ஆறுதலாக இருந்து அழுதிருக்கலாம் என்று பிறகு சிலர் புத்தி சொன்னார்கள். அவர்களுக்கு என்ன, அவர்களுடைய அம்மாவையா ஒருத்தி இளிக்கிறா என்றாள்? அங்கே அழித்தால் என் போனிலும் போகும் என்றால், இங்கே அழித்தால் அவருடைய போனிலும் போகத்தானே வேண்டும்? அடுப்பை அணைத்துவிட்டுக் கிணற்றடிக் கல்லில் போய் இருந்தேன். முதலில் புதுக் கார் போனது. பிறகு கேக்குகள். பிறகு மகளின் அரங்கேற்றமும், அதில் அண்ணி மாற்றி மாற்றிக் கட்டிய சேலைகளும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, கூட்டம் கூட்டமாகத் தெரிவு செய்து அழித்தேன். கோட்டோடு நின்ற அம்மாவைக் கண்டதும் விரல் கொஞ்சம் தயங்கியது. கல்வெட்டில் எதைப் போடுகிறார் பார்ப்போம் என்று அதையும் அழித்தேன். சொல்ல வெட்கமில்லை, நெடுநாள் பசிக்குச் சோறு தின்றது போல இருந்தது.

போனுக்குள்ளும் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. அழித்ததெல்லாம் கொஞ்சக் காலம் அதற்குள் கிடக்குமாம், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாமாம். போனே அப்படிச் சொன்னது. அண்ணி திரும்ப எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். தொட்டிக்குள் என்ன கிடக்கிறது என்றுகூடப் பார்க்காமல் முழுவதையும் காலி செய்யக் கொடுத்தேன். இனித் திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன்.

பின்னேரம் அண்ணை வந்தார். உடுப்பிட்டியில் அண்ணி கத்திய கத்தல் தாங்காமல் வெளிக்கிட்டிருக்கிறார். நான் சண்டைக்கு ஆயத்தமாக வாசலிலேயே நின்றேன். அவர் சண்டை பிடிக்கவில்லை.

"தங்கச்சி, தொட்டியையும் காலி செய்துபோட்டியோ?"

"ஓம், செய்தனான். இப்ப என்ன?"

"அம்மான்ரை ஆட்டுப் படமும் அதுக்குள்ளைதானே கிடந்தது. உன்ரை அண்ணி நித்திரை கொள்ளேக்கை எடுத்துத் தருவமெண்டு இருந்தனான்."

போனைத் திறந்து தொட்டியைப் பார்த்தேன், வெறுமையாய்க் கிடந்தது. அண்ணி படத்தைத் தொட்டியில்தான் போட்டிருந்தார், ஒரேயடியாய் இல்லாமல் செய்தது நான். அப்போதும் எனக்கு அண்ணியில்தான் ஆத்திரம் வந்தது. அவர் கை வைக்காமல் இருந்திருந்தால் நான் ஏன் அந்தத் தொட்டிப் பக்கம் போகிறேன்? இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

கல்வெட்டு அட்டைக்குக் கடைசியில் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவில் பெருப்பித்துப் போட்டோம். நிமிர்ந்து இரு, நாடியைத் தூக்கு என்று யாரோ அதட்டியிருக்க வேண்டும். படத்தில் அம்மா எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தியேட்டி அன்று கொடிகாமத்திலிருந்து வந்த ஒரு மனிசி, அம்மாவை உயிரோடு கண்டிராதவள், சாப்பாட்டுப் பந்தியில் இருந்து கல்வெட்டைப் புரட்டினாள்.

"நல்ல கடுமையான ஆள் போலை. சிரிக்கவே மாட்டாவோ?"

ஆட்டுப் படத்தைக் காட்டப்போனேன். என் கை போனை எடுத்துவிட்டு, எடுத்தபடி நின்றது. பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டு வந்த அண்ணி அதைக் கண்டார். படங்கள் அழிந்த நாளிலிருந்து என்னோடு ஒரு சொல் கதைக்காதவர், அந்த மனிசிக்குச் சொல்வதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சிரிப்பாவோ? கனடாவிலை என்ரை மகளோடை பனிக்குள்ளை இருந்து விழுந்து விழுந்து சிரிச்ச படம் ஒண்டு என்னட்டை இருந்தது. ஆட்டுப் படமெல்லாம் அதுக்குக் கிட்டவும் வராது."

அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. அப்படி ஒரு படம் உண்மையில் இருந்ததோ, என்னை வேகவைக்கச் சொன்ன கதையோ, எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அதையும் நான்தான் பாராமல் அழித்தேன்.